மூன்று தாள், ஒரு மோட்டார்

அந்தக் குடியிருப்பில் அவருக்கு மோட்டார் என்றுதான் பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயரை மாதத்துக்கு ஒருமுறை சம்பளம் கொடுக்கிறபோது மட்டும் கூப்பிடுவார்கள். மூன்று கட்டடம், கட்டடத்துக்கு நாலு மாடி, அத்தனை வீட்டுக்கும் தண்ணீர் ஏற்றிவிடுகிற வேலை. மொட்டை மாடித் தொட்டிகள் விரிசல் விட்டு, பூசி, மறுபடி விரிசல் விட்டு, கடைசியில் புறாக்களுக்கு விட்டுக்கொடுக்கப்பட்டவை. ஆகவே மோட்டார் ஓடுகிற நேரம்தான் தண்ணீர் நேரம். அப்போது பிடித்து வைத்தவன் குளிப்பான். விட்டவன் மறுநாள் வரை ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரிவான்.

பொத்தானை அமுக்கினால் தீர்ந்தது என்று நினைக்கிறவர்கள் உண்டு. மூன்று கட்டடத்துக்கும் ஒரே சமயத்தில் விட்டால் நாலாம் மாடிக்குக் காற்றுதான் போகும். ஒரு வால்வை மூடி, இன்னொன்றைத் திறந்து, முறை வைத்து விடவேண்டும். இரண்டாம் கட்டடத்து வால்வு முரட்டு மாப்பிள்ளை மாதிரி. சாதாரணமாகத் திருப்பினால் அசையாது. மோட்டார் அறையின் கனத்த சாவியால் மூன்று தட்டுத் தட்டினால் முனகிக்கொண்டு வழிக்கு வரும். அந்தச் சாவி அவர் இடுப்பை விட்டு இறங்காது. மோட்டார் அறைக்குள் யாரையும் விடவும் மாட்டார். சங்கச் செயலாளரே வந்தாலும் வாசலோடு பேச்சு முடிந்துவிடும். "கரண்டு இருக்குற எடம், தள்ளி நில்லுங்க" என்பார். உண்மையில், தொழிலை நாலு பேர் கற்றுக்கொண்டால் அப்புறம் தான் எதற்கு என்கிற பயம்.

அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை முடித்தவர். லாரிப் பட்டறை, செங்கல் சூளை, வாயிற்காவல் என்று நாலு இடம் முட்டிமோதி, கல்யாணத்துக்குப் பிறகு இங்கே வந்து ஒட்டிக்கொண்டார். மோட்டார் அறையை ஒட்டி ஓர் அறையும் நின்றால் திரும்ப முடியாத சமையலறையும். ஒரே மகன் வெளியூரில் குளிர்பெட்டி பழுது பார்க்கிறான். போன் செய்தால் "சாப்பிட்டியா, வச்சிடறேன்" என்று இவரே வைத்துவிடுவார். பேச்சு என்கிற துறை முழுக்க அவர் மனைவியிடம் இருந்தது. பத்தாவது வரை படித்தவள். மளிகைக்காரனிடம் பேரம், மகனுக்குப் புத்திமதி, செயலாளரிடம் சம்பள உயர்வு, எல்லாம் அவள் வாய்தான். இவர் பக்கத்தில் நின்று தலையாட்டுவார்.

அந்த வாய்தான் போயிற்று. போன வருஷம் அவளுக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. கால் முக்கால்வாசி திரும்பியது, கை பாதி திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. ஒரே ஒரு சொல் எப்படியோ தப்பிப் பிழைத்திருந்தது. "அப்புறம்." தண்ணீர் வேண்டுமானாலும் அப்புறம், ஜன்னலைச் சாத்தச் சொன்னாலும் அப்புறம், கோபத்தில் தட்டைத் தள்ளினாலும் அதே அப்புறம். குரலை வைத்து அர்த்தம் பிடிக்க வேண்டும். அவருக்கு மோட்டாரின் குரல் பிடிபட்ட அளவுக்கு இது பிடிபடவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி உண்டு. காலையில் மட்டும்தான். கதவு திறக்கும்போது வரிசையில் நின்றால் டோக்கன், இல்லாவிட்டால் வீட்டுக்குத் திரும்பவேண்டியதுதான். இவர் விடிகாலையில் வால்வோடு மல்லுக்கட்டுகிற நேரம் அது. அதனால் மனைவியின் தங்கைதான் கூட்டிக்கொண்டு போய்வந்தாள். மாதக்கணக்கில் போனதில் "வா", "சூடு", "போதும்" என்று சில சொற்கள் ஒவ்வொன்றாக வெளியே எட்டிப்பார்த்தன. இந்த நேரம் பார்த்துத் தங்கையின் மகளுக்குப் பிரசவம் நெருங்கியது.

"நான் போயே ஆகணும் மாமா. போனா ஆறு மாசம் ஆயிடும். அக்காவ யார் கூட்டிட்டுப் போவா?"

"பாத்துக்கலாம்."

"பாத்துக்கலாம்னு சொல்லாதீங்க. இப்ப நிறுத்தினா வந்த பேச்சும் போயிடும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இந்த ஒரு வருஷத்துல வர்றதுதான் வரவாம்."

அவர் அன்றைக்கே செயலாளரிடம் போனார். செயலாளர் தபால் அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். முதல் மாடி. விடிவதற்கு முன் குளித்துவிட்டு, விடிந்ததும் யாரைத் திட்டலாம் என்று படியில் நிற்கிற ஆள்.

"சார், தண்ணிய சாயங்காலத்துக்கு மாத்தினா என்ன?"

"ஏன், உனக்குத் தூக்கம் பத்தலையா? ஒருத்தனுக்காக நேரம் மாத்த முடியுமாய்யா? ஊரே சேந்து கேக்கட்டும், பாக்கலாம்."

காரணம் தொண்டை வரைக்கும் வந்தது. மனைவிக்குப் பேச்சு இருந்தால் அவள் சொல்லியிருப்பாள். இவர் "சரி சார்" என்று திரும்பிவிட்டார்.

அந்த வாரம்தான் அரசாங்கத்து ஆட்கள் வந்தார்கள். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பெண், கூட ஒரு கண்ணாடிக்காரர், ஒரு தகரப் பெட்டி. செயலாளர் முதலில் ஏதோ வரி வசூல் என்று பயந்து உள்ளே போகப் பார்த்தார்.

"வரி இல்ல சார். நாட்டுல ஓட்டுப் போடற முறைய மாத்தலாமான்னு அரசாங்கம் யோசிக்குது. அதுக்கு முன்னாடி ஜனங்க என்ன நினைக்கறாங்கன்னு கேட்டுட்டு வரச் சொல்லியிருக்காங்க. வாயால கேட்டா யாருக்கும் புரியல. அதனால ஒரு ஒத்திகை ஓட்டு வைக்கிறோம். கட்சி வேண்டாம், ஆள் வேண்டாம். சண்டை வராத ஏதாவது ஒரு விஷயம் சொல்லுங்க."

சண்டை வராத விஷயத்துக்குக் கூட்டம் வராது என்பது செயலாளரின் அனுபவம். "தண்ணி நேரம் வைங்கம்மா. ஒருத்தர் பாக்கி இல்லாம வருவாங்க" என்றார். அதோடு, ஊரே விடிகாலைதான் கேட்கும், மோட்டாரின் வாயும் அடைபடும் என்று ஒரு கணக்கும் வைத்திருந்தார்.

இப்படித்தான் எவருக்கும் வலிக்காத விளையாட்டுக் கேள்வி என்று நினைத்து, ஒரு மனிதரின் கழுத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். விடிகாலை, முற்பகல், சாயங்காலம். மூன்றுக்கும் எதிரே பிடித்த வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போடவேண்டும். விடிகாலை வந்தால் டோக்கன் கிடையாது. முற்பகல் வந்தால் பயிற்சி நேரமே போயிற்று. சாயங்காலம் வந்தால்தான் அவளுக்குப் பேச்சு.

வண்டிகள் நிற்கிற இடத்தைக் கூட்டிப் பெருக்கி மேஜை போட்டார்கள். மோட்டார் ஓரமாக நின்றிருந்தார். அந்தப் பெண் அவரிடமும் ஒரு தாளை நீட்டினாள்.

"அவரு சம்பளத்துக்கு இருக்குறவரும்மா. வீட்டுக்காரர் இல்ல" என்றார் செயலாளர்.

"இங்கதான தூங்கறாரு?"

"தூங்கறதுதான் அவருக்கு வேலையே."

"அப்ப அவருக்கும் தாள் உண்டு சார். வீட்டுல வேற யாராவது இருக்காங்களா அண்ணா?"

மனைவியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். அவள் இடது கையால், நாக்கைக் கடித்துக்கொண்டு, கோணலாக ஆனால் சரியாக எண்களைப் போட்டாள். சாயங்காலத்துக்கு ஒன்று. இவர் பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் யோசித்தார். இரண்டாவது, மூன்றாவது என்று வேறொன்றுக்கு எழுதிக் கொடுத்தால், இதுவும் பரவாயில்லை என்று தானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? அசையாத வால்வை எப்படித் திறப்பாரோ அப்படியே செய்தார். சாயங்காலத்துக்கு நேரே ஒன்று, இரண்டு, மூன்று, மூன்றையும் போட்டு மடித்துப் பெட்டியில் தள்ளினார்.

எண்ணி முடிந்ததும் கண்ணாடிக்காரர் மூன்று பெரிய தாள்களைச் சுவரில் ஒட்டினார். முதல் தாளில், முதலிடம் எதற்கு அதிகம் என்கிற கணக்கு. நாம் எல்லோரும் வழக்கமாக எண்ணுகிற விதம். விடிகாலைக்கு நாற்பத்தொன்று, சாயங்காலத்துக்கு முப்பத்தாறு, முற்பகலுக்கு இருபத்துநாலு. விடிகாலைக்கு வெற்றி. இரண்டாம் தாளில், கடைசியாக வந்த முற்பகலைத் தூக்கிவிட்டு, அதைக் கேட்டவர்களின் இரண்டாவது ஆசை என்ன என்று பார்த்திருந்தார்கள். அவர்கள் எல்லாம் விடிகாலையில் எழுந்திருக்கச் சோம்பல்படுகிறவர்கள். பெரும்பாலும் சாயங்காலத்துக்குப் போனார்கள். சாயங்காலத்துக்கு வெற்றி. மூன்றாம் தாளில், முதலிடத்துக்கு இவ்வளவு, இரண்டாமிடத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போட்டிருந்தது. விடிகாலைக்காரர்களும் சாயங்காலக்காரர்களும் ஒருவர்மேல் ஒருவர் உள்ள ஆத்திரத்தில் நடுவில் முற்பகலைத்தான் வைத்திருந்தார்கள். அதனால் அதிகம் பேர் கேட்காத முற்பகலுக்கு வெற்றி.

"ஒரே பெட்டி, மூணு முடிவா?" என்று எழுந்தார் ஓய்வு பெற்ற கண்டக்டர். "டிக்கெட் ஒண்ணு, பஸ் மூணு ஊருக்குப் போகுதா?"

"நீங்க போட்ட தாள் மாறல சார். எண்ணுற விதம்தான் மாறுது. இதுல எது நியாயம்னு உங்களுக்குப் படுது? அதக் கேட்டு எழுதத்தான் வந்திருக்கோம்" என்றாள் அந்தப் பெண். பிறகு மேஜையைத் தட்டி, "இன்னொண்ணு. ஒரு தாள் மட்டும் செல்லல. யாரோ ஒண்ணு, ரெண்டு, மூணு எல்லாத்தையும் ஒரே நேரத்துக்குப் போட்டிருக்காங்க" என்றாள்.

"மூணு தட்டுத் தட்டற ஆளு நம்மகிட்ட ஒருத்தர்தான இருக்காரு" என்றார் கண்டக்டர். கூட்டம் சிரித்தது. மோட்டார் மேலே ஏதோ குழாய் ஒழுகுகிறதா என்று பார்ப்பதுபோல் கூரையைப் பார்த்தார்.

விடிகாலை கேட்டவர்கள் எல்லாம் முதல் தாள்தான் நியாயம், காலங்காலமாக இருப்பது என்றார்கள். முற்பகல்காரர்கள் மூன்றாவதில்தான் எல்லோருக்கும் மனசாறும் என்றார்கள். ஒருவர்கூடத் தன்னைத் தோற்கடித்த தாளை நியாயம் என்று சொல்லவில்லை. அந்தப் பெண் சளைக்காமல் எழுதிக்கொண்டே போனாள்.

"வீண் பேச்சு வேண்டாம். எந்த முறைன்னு ஒரு ஓட்டு எடுத்துடலாம்" என்றார் செயலாளர்.

"அந்த ஓட்ட எந்த முறையில எண்ணுறது?" என்றார் கண்டக்டர். செயலாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அண்ணா, நீங்க சொல்லுங்க" என்று அந்தப் பெண் மோட்டாரிடம் திரும்பினாள்.

"ரெண்டாவது தாள்."

"ஏன்?"

"எனக்கு சாயங்காலம் வேணும். மூணாவதுல அது வந்திருந்தா மூணாவதுதான் நியாயம்னு சொல்லியிருப்பேன்."

அவளும் சிரித்துவிட்டாள். "இவ்வளவு நேரத்துல இத வெளிப்படையா சொன்னவர் நீங்க ஒருத்தர்தான். அப்படியே எழுதிக்கறேன்."

சாயங்காலம் எதற்கு என்று கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பார். அது அவளுடைய கேள்விகளில் இல்லை. செயலாளர்தான் அந்த இடத்தை நிரப்பினார். "எதுக்குன்னு எனக்குத் தெரியும்மா. தூக்கம்!" மறுபடி சிரிப்பு. பெட்டியையும் தாள்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர்கள் போனதும் செயலாளர் தீர்ப்புச் சொன்னார். "இது ஒத்திகை. ஒத்திகைக்கெல்லாம் தண்ணி நேரம் மாறாது. பழைய நேரம்தான்."

மறுநாள் மத்தியானம் கொழுந்தியாள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். வாசலில் நின்று அக்காவின் தலையை வருடிவிட்டு, இவர் முகத்தைப் பார்க்காமலே போனாள். அடுத்த நாள் காலை பயிற்சி. மனைவி கட்டிலில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக்குக் கட்டிக்கொள்கிற சேலையை இடது கையால் மடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது சரிந்துகொண்டே இருந்தது. இவரைப் பார்த்து, "அப்புறம்?" என்றாள். இந்தத் தடவை அந்தச் சொல்லின் அர்த்தத்துக்கு அவர் குரலைக் கவனிக்க வேண்டியிருக்கவில்லை.

வெயில் தாழ்ந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு முதல் கட்டடத்துப் படியேறினார். குழாய் ரிப்பேர் என்று கூப்பிடாமல் அவர் மாடி ஏறுவது அதுதான் முதல் தடவை. முதல் கதவில் நாக்கு ஒட்டிக்கொண்டது. "என்ன மோட்டார், தண்ணி வராதா நாளைக்கு?" என்று பதறினாள் அந்த வீட்டுப் பெண். "வரும். சாயங்காலம் வரட்டுமான்னு கேக்க வந்தேன். எம் பொஞ்சாதிய காலையில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். பேச்சு வரவைக்கறாங்க." சொல்லிவிட்டார். அவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லத்தான் இத்தனை நாள்.

இரண்டாவது கதவில் கொஞ்சம் சுலபமாக வந்தது. சிலர் உடனே சரி என்றார்கள். சிலர் "அதான் சாயங்காலம் ஜெயிச்சிருச்சே" என்று தங்கள் தாளைத் தூக்கிப் பிடித்தார்கள். ஒரு வீட்டில் டீ கொடுத்து, விடிகாலைதான் உடம்புக்கு நல்லது என்று வெகுநேரம் பாடம் நடத்திவிட்டு, கடைசியில் "உங்க இஷ்டம்" என்றார்கள். கண்டக்டர் மட்டும், "இத நேத்தே வாயத் தொறந்து சொல்லித் தொலைச்சா என்னய்யா? தூக்கம்னு சொன்னப்ப நானும்ல சிரிச்சேன்" என்று கோபித்துக்கொண்டார்.

மூன்றாம் கட்டடம் இரண்டாம் மாடியில் சாப்பாட்டுக்காரம்மா வீடு. அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறவள். வீடு முழுக்க அடுக்குப் பாத்திரம். அந்தக் கதவைத் தட்டாமலே போய்விடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அதுவரை கிடைத்த தலையாட்டல்களே போதுமான அளவுக்கு மேல் இருந்தன. கால் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தது.

அவள் கரண்டியோடு நின்று முழுக்கக் கேட்டாள்.

"அக்காவுக்குப் பேச்சு வரணும்ணே. எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனா சாயங்காலத் தண்ணிய நான் எங்க புடிச்சு வைப்பேன்? உள்ள வந்து பாருங்க, எம் புருஷனே குறுக்கப் படுத்துத்தான் தூங்கறாரு. விடியக்காலம் தண்ணி வந்தா கழுவி, அலசி, உலையேத்திடுவேன். இல்லைன்னா எனக்கு அன்னிக்கு அடுப்பே கிடையாது."

"நீயும் விடிகாலைக்குத்தான் போட்டியா?"

"போடாம? எதிர்வீட்டுக்காரரும் அதுக்குத்தான் ஒண்ணு போட்டாரு, குளிச்சிட்டு நடக்கப் போறதுக்கு. நானும் ஒண்ணு போட்டேன், பொழைப்புக்கு. ரெண்டும் ஒண்ணுன்னுதான் எண்ணினாங்க. எவ்வளவு வேணும்னு எழுத அந்தத் தாள்ல எடம் இருந்துச்சா?"

மூன்று தட்டுத் தட்டியவர் அவர். அவளும் தட்டியிருக்கலாம், ஆனால் முறையாக ஒன்று போட்டுவிட்டு வந்திருக்கிறாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி கீழே பார்த்தார். மோட்டார் அறையின் தகரக் கதவு தெரிந்தது. உள்ளே மோட்டாருக்குப் பின்னால், ஆளுயரத்துக்கு இடம் சும்மா கிடக்கிறது. அவரைத் தவிர யாருக்கும் அது தெரியாது.

"ஒரு நாளைக்கு உனக்கு எத்தன டிரம் வேணும்?"

"நாலு."

"டிரம்ம கொண்டாந்து மோட்டார் ரூம்ல வை. சாயங்காலம் நான் ரொப்பி வைக்கறேன். விடியறதுக்கு முன்னாடி குடம் குடமா தூக்கிட்டு வந்து தர்றேன்."

"எங்க, இந்த முட்டிய வச்சுக்கிட்டா? நாலு நடைக்குள்ள அக்காவோட சேத்து உங்களுக்கும் டோக்கன் எடுக்கணும்." அவள் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். "இங்க வாங்க, உங்களுக்கு வேலை வந்திருக்கு!" பிறகு இவரிடம், "தூக்கறத இவரு தூக்குவாரு. நீங்க கதவத் தொறந்து வைங்க, அது போதும். ஆனா ஒரு நாள் பூட்டி இருந்துச்சோ, அக்கா பேசறதுக்கு மேல நான் பேசுவேன்" என்றாள்.

அந்த அறைக்கு இன்னொரு சாவி வெட்டியாகவேண்டும். அவர் வாயிலிருந்து அந்தச் சம்மதம் வால்வை விடச் சிரமப்பட்டுத்தான் வந்தது. ஆனால் வந்தது.

கடைசியாகச் செயலாளர். வாசலிலேயே நின்று கேட்டார். கேட்டு முடித்ததும் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"நான் தூக்கம்னு சொன்னப்ப சும்மா நின்னியே."

"ஆமா சார்."

"சட்டப்படி மொத எண்ணிக்கைதான். நான் மாறமாட்டேன். சங்கத்து எழுத்துல ஒண்ணும் தரவும் மாட்டேன்." கதவைப் பாதி சாத்தியவர் மறுபடி திறந்தார். "ஆனா காலையில குழாயத் தொறந்து பாக்கவும் மாட்டேன். போ."

அன்றைக்கு ராத்திரியே தண்ணீர் விட்டு, நாலு டிரம்மையும் ரொப்பி வைத்தார். மறுநாள் விடிகாலையில் மோட்டார் ஓடவில்லை. டோக்கன் கிடைத்தது. பயிற்சி அறையில் அவர் உட்கார்ந்து பார்ப்பது முதல் தடவை. பயிற்சி தருகிற அம்மா படங்களைக் காட்டினாள். மனைவி உதட்டைக் குவித்தாள், நெற்றி வியர்த்தது, சொல் வருவதற்குள் இவருக்குக் கால் பரபரத்தது.

"கதவு. கதவுதான?" என்று இவரே சொல்லிவிட்டார்.

பயிற்சி அம்மா படத்தைக் கீழே வைத்தாள். "வீட்டுலயும் இப்படித்தானா? நீங்களே கேட்டு நீங்களே சொல்லிடுவீங்களா?"

"கேக்கறதே இல்லம்மா."

"கேளுங்க. சின்னச் சின்னதா கேளுங்க, இதுவா அதுவான்னு. கேட்டுட்டு வாய மூடிட்டு இருங்க. எவ்வளவு நேரம் ஆனாலும் அவங்கதான் சொல்லணும்."

திரும்புகிற பஸ்ஸில் கூட்டம் குறைவு. படியேறியதும் காலியாக இரண்டு இருக்கை தென்பட்டது. அவர் பழக்கத்தில் அவளை உள்ளே தள்ளப்போனவர், கையை எடுத்துக்கொண்டார்.

"ஜன்னல் பக்கமா, இந்தப் பக்கமா?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். இப்படி ஒரு கேள்வி அவரிடமிருந்து வந்து எத்தனை வருஷமோ. உதடு அசைந்தது. "அப்" என்று ஆரம்பித்து, அதில்லை என்று தலையை ஆட்டிக்கொண்டாள். பின்னால் ஏறியவர்கள் நெருக்கினார்கள்.

"உள்ள போங்க சார், வழியில நின்னுக்கிட்டு" என்றான் ஒருத்தன்.

"ஏதாவது ஒண்ணுல உக்காருங்கய்யா" என்றான் அந்த பஸ்ஸின் கண்டக்டர்.

"இருங்க" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமலே. "அவ இன்னும் சொல்லல."